ரெண்டு பேண்டு, ஒரே ஹார்ன்: எதை எடுக்கலாம், எதை விட்டுடலாம்

"ஒரே டிஷ்ல கேயூவும் வேணும், கேஏவும் வேணும், எந்த ஹார்ன் போடலாம்?" கேயூ, கேஏ ரெண்டும் சேட்டிலைட் ஃப்ரீக்வென்சி பேண்டு. ஹார்ன்ங்கறது டிஷ்ஷோட ஃபோகஸ்ல உக்காந்து சிக்னல டிஷ் மேல தெளிக்கற, டிஷ்லேர்ந்து வாங்கற குழாய், ஃபீட்னும் சொல்வோம். இப்படிக் கேக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஏற்கனவே சிமுலேட்டரத் திறந்து ஒரு காருகேட்டட் (உள்சுவர்ல வரி வெட்டின) ஹார்ன வரைஞ்சு ஆப்டிமைசர ராத்திரி பூரா ஓட விட்டுட்டுத்தான் வராங்க. காலைல வந்து பாத்தா ரிட்டர்ன் லாஸ் (எவ்வளவு சிக்னல் திரும்பி வருதுங்கற அளவு) அழகா இருக்கும், மேல் பேண்டுல கிராஸ்போல் (ஒரு போலரைசேஷன்லேர்ந்து, அதாவது அலை ஆடற திசைலேர்ந்து, இன்னொண்ணுக்குக் கசியறது) மட்டும் அசையவே அசையாது. ஆப்டிமைசர் மேல தப்பு இல்லைங்க, இல்லாத எடத்துல தேடச் சொன்னா அது எங்க போயி தேடும். அது இருக்கா இல்லையாங்கறத கால்குலேட்டர்லயே அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம். அந்தக் கணக்கையும் போடுவோம், கைல இருக்கற ஆறு வழியையும் வரிசையா பாப்போம்.

## எத வச்சு அளக்கறது

ஒரே நேரத்துல வேணுமா? இதக் கேக்காமயே பாதிப் பேர் டிசைன்ல எறங்கிடறாங்க. ரெண்டு பேண்டும் ஒரே நொடில ஓடணுமா, இல்ல இன்னிக்கு இது நாளைக்கு அதுவா? பதில் ரெண்டாவதுன்னா கீழ இருக்கற பாதி உங்களுக்குத் தேவையே இல்ல, கடைசிப் பகுதிக்கு நேரா போயிடுங்க.

பேண்டு விகிதம். மேல் எல்லைய கீழ் எல்லையால வகுத்தா வர்ற நம்பர். கேயூ மட்டும்னா 10.7லேர்ந்து 14.5 ஜிகாஹெர்ட்ஸ், விகிதம் 1.36. கேஏ 17.7லேர்ந்து 31 வரைக்கும்னா 1.75. எக்ஸ் பேண்டு 7.25லேர்ந்து 8.4, வெறும் 1.16. ஆனா எக்ஸயும் கேஏவயும் சேத்தா 4.3 ஆயிடும், நடுவுல யாருக்கும் வேண்டாத பெரிய இடைவெளியோட. அந்த இடைவெளி இருக்கா இல்லையாங்கறது விகிதத்த விட முக்கியம், ஏன்னு கோஆக்ஸியல் பகுதில வரும்.

டிரான்ஸ்மிட் உண்டா? ரிசீவ் மட்டும்னா நிறைய விஷயத்த மன்னிச்சுடலாம். டிரான்ஸ்மிட்னா பவர் தாங்கணும், பக்கத்துச் சேட்டிலைட்ட தொந்தரவு பண்ணக் கூடாது (ஐடியூங்கற சர்வதேச அமைப்போட எஸ்.580 பரிந்துரை சொல்ற 29 − 25 லாக் தீட்டா கோட்டுக்குள்ள சைட்லோப், அதாவது பக்கவாட்டுல கசியற பீம், நிக்கணும்), போலரைசேஷன் சுத்தமா இருக்கணும். சர்க்குலர் போலரைசேஷன்ல 1 டிபி ஆக்ஸியல் ரேஷியோன்னு (வட்டம் எவ்வளவு நசுங்கியிருக்குங்கறது) கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுக்குக் கெடைக்கற கிராஸ்போல் பிரிப்பு (கசிவு எவ்வளவு கீழ இருக்குங்கறது) வெறும் 24.8 டிபி. 30 தாண்டணும்னா ஆக்ஸியல் ரேஷியோ 0.5க்கு எறங்கணும்.

பீமும் ஃபேஸ் சென்டரும். டிஷ்ஷோட விளிம்பு ஒரே எடத்துலதான இருக்கு, ஃப்ரீக்வென்சி ஏறினா அது நகந்து வராது. எஃப்/டி (ஃபோகஸ் தூரத்த டிஷ் விட்டத்தால வகுத்தது) 0.4னா ஃபீட்லேர்ந்து விளிம்பு பாதிக் கோணத்துல 64 டிகிரி. அங்க எல்லா பேண்டுலயும் சுமாரா 10லேர்ந்து 12 டிபி எறங்கியிருக்கணும். மேல் பேண்டுல பீம் சுருங்கிட்டா டிஷ்ஷோட ஓரம் சும்மா கெடக்கும், கீழ் பேண்டுல விரிஞ்சா ஓரம் தாண்டி வழிஞ்சு தரையோட சூட்ட உள்ள வாங்கும். ஃபேஸ் சென்டரும் (அலை கிளம்பற மாதிரி தெரியற புள்ளி) அப்படித்தான், 30 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒரு லாம்டாவே, அதாவது அலைநீளமே, 10 மிமீதான், அங்க அஞ்சாறு மிமீ நகந்தாலும் ஃபோகஸ் போச்சு.

லாஸ். எல்என்ஏக்கு (முதல் ரிசீவ் ஆம்ப்ளிஃபயர்) முன்னாடி 0.1 டிபி போனா சுமார் 6.6 கெல்வின் நாய்ஸ் ஏறும். மொத்த சிஸ்டம் 100 கெல்வின்ல ஓடுதுன்னா ஜி/டில (கெய்ன நாய்ஸால வகுத்தது, ரிசீவோட தரம்) கிட்டத்தட்ட 0.4 டிபி காலி. 0.1தானேன்னு விடறவங்கதான் அப்புறம் பெரிய டிஷ் வேணும்னு வந்து நிப்பாங்க.

பின்னாடி என்ன இருக்கு. எல்லாரும் தடுக்கி விழற எடம் இதுதான். ஹார்ன் ஈசி, அதுக்குப் பின்னால வர்ற ஓஎம்டி (ரெண்டு போலரைசேஷனப் பிரிக்கறது), போலரைசர் (லீனியர சர்க்குலர் ஆக்கறது), டைப்ளெக்சர் (ரெண்டு ஃப்ரீக்வென்சியப் பிரிக்கறது) இதுங்கதான் வேலை. கேஏவுக்கு 11 மிமீ விட்டத்துல ஒரு வட்ட வேவ்கைடு (அலை ஓடற பைப்) எடுத்துக்குங்க. டிஈ11 மோடு (பைப்புக்குள்ள அலை ஓடற ஒரு வடிவம்) 16 ஜிகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது, நமக்கு வேண்டியது அது. 20.9ல டிஎம்01 உள்ள வந்துடுது, 26.5ல டிஈ21. அதாவது 30ல டிரான்ஸ்மிட் பண்றப்ப அந்தப் பைப்புக்குள்ள மூணு மோடு ஓடலாம். நாலு பக்கமும் ஒரே மாதிரி சிமெட்ரியா ஊட்டினா டிஎம்01மும் டிஈ21மும் கிளம்பாது, அடுத்த தொல்லையான டிஎம்11 33க்கு மேலதான் வரும், அதனாலதான் அகல பேண்டுக்கு எல்லாரும் டர்ன்ஸ்டைல் ஜங்ஷன் (நாலு பக்கமும் சமமா ஊட்டற சந்திப்பு) பக்கம் ஓடறாங்க. சிமெட்ரி ஒரு சின்ன இடத்துல கெட்டா இந்தக் கணக்கு மொத்தமும் கெட்டுது, அத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

## காருகேட்டட் ஹார்ன்

உள்சுவர்ல வரிவரியா ஸ்லாட் வெட்டின ஹார்ன். ஸ்லாட் சரியான ஆழத்துல இருந்தா ஹெச்ஈ11 மோடு பொறக்கும், பீம் எல்லாப் பக்கமும் உருண்டையா, கிராஸ்போல் தாழ்வா, சைட்லோப் அடக்கமா இருக்கும். 1960கள்லேர்ந்து எர்த் ஸ்டேஷன்ல இதுதான் ராஜா.

நிபந்தனை ஒண்ணுதான்: ஸ்லாட் ஆழம் கால் லாம்டாவுக்கு மேலயும் அரை லாம்டாவுக்குக் கீழயும் இருக்கணும், வேலை செய்ற *எல்லா* ஃப்ரீக்வென்சிலயும். கால் லாம்டாவுக்குக் கீழ போனா சர்ஃபேஸ் வேவ் கிளம்பி பேட்டர்ன நாசம் பண்ணிடும். அதனால கீழ் எல்லையோட கால் லாம்டா குறைஞ்சபட்சம், மேல் எல்லையோட அரை லாம்டா அதிகபட்சம். போட்டுப் பாருங்க:

| பேண்டு (ஜிகாஹெர்ட்ஸ்) | குறைஞ்ச ஆழம் | அதிக ஆழம் | மிச்ச இடம் |
|---|---|---|---|
| கேயூ 10.7–14.5 | 7.0 மிமீ | 10.3 மிமீ | 3.3 மிமீ, தாராளம் |
| சி 3.625–6.425 | 20.7 | 23.3 | 2.6, நிம்மதி |
| நீட்டின சி 3.4–6.725 | 22.0 | 22.3 | 0.3, மூச்சு முட்டும் |
| கேஏ 17.7–31 | 4.2 | 4.8 | 0.6, முடியும் |
| கேயூ + கேஏ டவுன்லிங்க் 10.7–20.2 | 7.0 | 7.4 | 0.4, கஷ்டப்பட்டா |
| கேயூ + முழு கேஏ 10.7–31 | 7.0 | 4.8 | இல்லவே இல்ல |

கடைசி வரியப் பாருங்க. ராத்திரி பூரா ஓடின ஆப்டிமைசர் தேடினது இதத்தான். அஞ்சாவது வரி இன்னும் சுவாரஸ்யம், கேயூ முழுசும் கேஏ டவுன்லிங்கும் (சேட்டிலைட்லேர்ந்து கீழ வர்றது) ஒரே ஸ்லாட் ஆழத்துல உக்காருது, கேஏ அப்லிங்க் (கீழேர்ந்து மேல போறது) மட்டும்தான் வெளிய நிக்குது. 27.5ல அந்த 7.2 மிமீ ஸ்லாட் அரை லாம்டாவத் தாண்டி, முக்கால் லாம்டாவ எட்டாம, மோசமான எடத்துல மாட்டிக்குது.

முக்கால் லாம்டான்னு ஏன் சொன்னேன்னா, முக்கால்லேர்ந்து முழு லாம்டா வரைக்கும் ஸ்லாட் மறுபடி நல்லபடியா நடந்துக்கும். டீப் ஸ்பேஸ் ஆளுங்களுக்கு இது வரப்பிரசாதம். 8.4 ஜிகாஹெர்ட்ஸ்ல கால் லாம்டா 8.9 மிமீ, 32ல முக்கால் லாம்டா 7.0, முழு லாம்டா 9.4. அப்ப 9 மிமீ ஸ்லாட் ஒண்ணே ரெண்டுக்கும் ஒத்து வரும். ஆனா இத அப்படியே தூக்கி 7.25–8.4 எக்ஸ் பேண்டுக்கு வைக்க முடியாது, 7.25க்கே 10.3 மிமீ கேக்கும்.

இதெல்லாம் தட்டைச் சுவர்க் கணக்கு, ஹார்னோட தொண்டைல ஆரம் சின்னதா இருக்கற எடத்துல ஸ்லாட் இன்னும் ஆழமா வேணும். 0.3 மிமீ, 0.4 மிமீ மிச்சம்னு போட்டிருக்கற வரியெல்லாம் அங்கதான் அடி வாங்கும். அதுக்கு மருந்து ரிங்-லோடட் ஸ்லாட், வாய் குறுகலா உள்ள அகலமா இருக்கற டி மாதிரி ஸ்லாட், தொண்டைல கொஞ்சம் மட்டும் போட்டா விகிதம் 2ஐத் தாண்டும்.

மறைஞ்சிருக்கற செலவு இங்கதான். சாதா ஸ்லாட்ட லேத்துல வெட்டிடலாம், டி ஸ்லாட்டுக்குள்ள எந்த டூல் போகும்? ஒவ்வொரு வளையமா செஞ்சு அடுக்கணும், இல்ல எலக்ட்ரோஃபார்மிங் போகணும், அதாவது உள்ளச்ச அலுமினியத்துல செஞ்சு, மேல காப்பர படிய வச்சு, அப்புறம் அலுமினியத்த காஸ்டிக் சோடால கரைச்சு எடுக்கணும். மாசக்கணக்குல காத்திருக்கற வேலை. எடையும் உண்டு, சி பேண்டுல ஸ்லாட்டுக்காக மட்டுமே விட்டம் 4 செமீக்கு மேல கூடிடும்.

இன்னொண்ணு யாரும் எழுதி வைக்காதது: தண்ணி. வானத்தப் பாத்து நிக்கற ஒரு ஃபீட்ல மேல ஒட்டற மெல்லிசு ஃபிலிம் ஜன்னல் ஓரத்துல கிழிஞ்சிருந்தத யாரும் கவனிக்கல. சிக்னல் மெதுமெதுவா எறங்குது, எல்என்ஏவ மாத்தியாச்சு, கேபிள மாத்தியாச்சு. கடைசில நான் ஏறி டார்ச் அடிச்சுப் பாத்தா கீழ் ஸ்லாட் ஒவ்வொண்ணுலயும் வட்டமா தண்ணி நின்னு மின்னுது. சுத்தமான சின்னச் சின்ன வாய்க்கா. ஹார்ன தலைகீழா கவுத்தாலும் முழுசா வடியல, ஸ்லாட் ஓரம் புடிச்சு வச்சுக்குது. அன்னிலேர்ந்து காருகேட்டட்னா ஜன்னலுக்கும் டிரை ஏர் பம்புக்கும் சேத்தே பட்ஜெட் போடறேன்.

எப்ப சரி: விகிதம் 2க்குள்ள, டிரான்ஸ்மிட் உண்டு, போலரைசேஷன் கறார், எடை பிரச்சினை இல்ல.

## கோஆக்ஸியல் ஹார்ன்

பைப்புக்குள்ள பைப். உள் பைப்புல மேல் பேண்டு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வளையத்துல கீழ் பேண்டு. பெரிய லாபம், ரெண்டு பேண்டும் பொறக்கறப்பவே பிரிஞ்சு பொறக்குது, பின்னாடி டைப்ளெக்சர் வேலை பாதி கொறையும்.

ஆனா பேண்டுங்க தூரமா இருந்தாத்தான் இது சந்தோஷமா இருக்கும். கணக்கு இதோ. கேஏக்கு உள் பைப் 11 மிமீ, சுவர் 1 மிமீ, வெளி விட்டம் 13. வெளில எக்ஸ் பேண்டுக்கு 28 மிமீ விட்டக் குழாய். வளையத்துல டிஈ11 சுமார் 4.7 ஜிகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்கும், டிஈ21 சுமார் 9.3ல. நம்ம 7.25–8.4 ரெண்டுக்கும் நடுவுல நிம்மதியா உக்காந்துடுது. டிஈஎம்னு ஒரு மோடு கட்-ஆஃபே (ஆரம்பிக்கற ஃப்ரீக்வென்சி) இல்லாம எப்பவும் இருக்கும், எதிரெதிரா சமமா ஊட்டினா அது வாயத் தொறக்காது.

இப்ப அதே உள் பைப்ப வச்சு வெளில கேயூ போடுங்க. 26 மிமீ குழாய்னா டிஈ21 9.8லயே வந்துடுது, கேயூ முழுக்க அது கூடவே ஓடும். சரி குழாயச் சுருக்கறேன்னு 18 மிமீக்கு வந்தாலும் டிஈ21 12.3ல நிக்குது, அதுவும் வளையத்துல இடைவெளி 2.5 மிமீதான், டிரான்ஸ்மிட் பவர அந்தச் சந்துக்குள்ள அனுப்பி மேட்ச் பண்றதுக்குள்ள தலை நரைச்சுடும். முடியாதுன்னு சொல்ல வரல, செஞ்சிருக்காங்க. ஆனா அந்த வழில மொத்த பாரமும் சிமெட்ரி மேலதான்.

மறைமுகச் செலவு: ரெண்டு பேண்டோட ஃபேஸ் சென்டர் தனித்தனி எடத்துல உக்காரும், அத ஒண்ணா இழுக்க உள் பைப்ப முன்ன பின்ன நகத்தணும், நகத்தினா வெளி பேண்டோட மேட்ச் ஆடும். வளையத்துலேர்ந்து வர்ற பீம் தானா உருண்டையா இருக்காது, வாய்ல சோக் வளையம் (வட்டப் பள்ளம்) வெட்டணும். உள் பைப்ப யார் தாங்கறதுன்னும் யோசிங்க, அத நடுவுல நிறுத்தற ஒவ்வொரு தாங்கியும் வெளி பேண்டு பாதைல நிக்கற ஒரு தடை.

எப்ப சரி: எக்ஸ்–கேஏ, சி–கேயூ மாதிரி நடுவுல காலி இடம் உள்ள ஜோடி, ரெண்டும் ஒரே நேரத்துல. மோனோபல்ஸ் டிராக்கிங் (டிஷ் எந்தப் பக்கம் விலகுதுன்னு சிக்னல்லேர்ந்தே பாக்கறது) வேணும்னா வளையத்த டிஈ21 ஓடற அளவுக்குப் பெருசாக்கி அதையே எடுத்துக்கலாம்ங்கறது கூடுதல் வசதி.

## டைஎலக்ட்ரிக் ராட் போட்டது

கோஆக்ஸியலோட தம்பி. உள் பைப்போட வாய்ல ஒரு பிளாஸ்டிக் ராட், கூரா செதுக்கினது, டெஃப்லானோ ரெக்ஸோலைட்டோ. பர்மிட்டிவிட்டி (அலைய எவ்வளவு மெதுவாக்குதுங்கறதுக்கான நம்பர்) முன்னதுக்கு 2.1, பின்னதுக்கு 2.5 சுமார். அதனால உள் பைப்பே ஒல்லியாயிடும், வெளி வளையத்துக்கு இடம் கெடைக்கும், கேயூ–கேஏ ஜோடிக்குக் கூட வழி தெறக்கும். மேல் பேண்டோட பீம் அகலத்தையும் ராட் நீளத்த வச்சே திருத்திக்கலாம்.

சூடு பட்டா விரியறதுதான் வில்லன். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மில்லியன்ல 23 பங்கு விரிஞ்சா டெஃப்லான் நூத்துக்கு மேல. நான் ஒரு தடவ டெஃப்லான் ராட்ட இறுக்கமா தட்டிப் பொருத்தி ரூம் டெம்பரேச்சர்ல அளந்தேன், ஆக்ஸியல் ரேஷியோ 0.4 டிபி, ஒரே பெருமை. தெர்மல் சேம்பர்ல சூடு குளிர்னு சில சுத்து சுத்தினப்புறம் எடுத்துப் பாத்தா விரலால தொட்டாலே ராட் ஆடுது. விரியறப்ப சுவர் அமுக்கி அதோட உருவமே மாறிடுச்சு, சுருங்கறப்ப தளந்துடுச்சு. சென்டர்லேர்ந்து துளி விலகினதும் அந்த டிஎம்01, டிஈ21 ரெண்டும் எழுந்து உக்காந்து பீமயும் சாய்ச்சு கிராஸ்போலயும் கெடுத்துச்சு. இப்பல்லாம் ரெக்ஸோலைட்தான், அதுவும் தோள் வச்சு மெக்கானிக்கலா புடிக்கற மாதிரி.

எப்ப சரி: எடம் கம்மி, பவர் மிதம், வெயில் மாற்றம் தெரிஞ்ச எல்லைக்குள்ள. பவர் அதிகம்னா ராட் சூடாகும், எறங்காதீங்க.

## ஸ்ப்ளைன் ஹார்ன்

சுவர் வழுவழுன்னு இருக்கும், ஆனா நேர்க்கோடா விரியாம வளைஞ்சு வளைஞ்சு விரியும். 1963ல பாட்டர் ஒரு படி வச்சு டிஈ11 கூட டிஎம்11ஐ அளவா கலந்து பீம உருண்டையாக்கினார், ஆனா அது குறுகின பேண்டுலதான் நிக்கும். அதே வேலைய ஒரு படிக்குப் பதிலா முழு வளைவும் சேந்து செய்றதுதான் ஸ்ப்ளைன், அதனால 20, 30 ரெண்டு எடத்துலயும் ஒரே ஹார்ன இழுத்து நிறுத்த முடியுது. கேஏ ஸ்பாட் பீம் (சின்னச் சின்ன எடத்துக்குத் தனித்தனி பீம்) சேட்டிலைட்ல டஜன் கணக்குல ஹார்ன அடுக்கறாங்களே, அங்க காருகேஷனுக்கு இடமும் இல்ல எடைக்கு அனுமதியும் இல்ல, ஸ்ப்ளைன்தான் ஜெயிக்குது. அப்பர்ச்சர் எஃபிஷியன்சி (வாய்ப்பரப்பு எவ்வளவு உருப்படியா வேலை செய்யுதுங்கறது) 90 சதவீதம் தாண்டறதும் சகஜம்.

செய்றது ரொம்ப ஈசி. சிஎன்சி லேத்துல ஒரே டூல் உள்ள போயி வெளிய வந்தா முடிஞ்சுது, 3டி பிரிண்டும் ஒத்துக்கும், தண்ணி நிக்கவும் இடமில்ல. எனக்கு இது மேல ஒரு சாய்வு இருக்கு, மறைக்கல. ஆனா நடுவுல விட்டுப்போன ஃப்ரீக்வென்சிய நாளைக்கு யாராவது கேட்டா கை விரிச்சுடும், ஆப்டிமைஸ் பண்ணின பேண்டுலதான் அது நல்ல புள்ள. கிராஸ்போல்லயும் நல்ல காருகேட்டட விட ஒரு படி கீழதான்.

## குவாட்-ரிட்ஜ் ஹார்ன்

நாலு ரிட்ஜ் (மேடு) உள்ள நீட்டிட்டு இருக்கும், விகிதம் 4, 6னு அசால்ட்டா போகும். அதப் பாத்து மயங்கிடாதீங்க. மூலைவிட்டத் தளத்துல கிராஸ்போல் பிரிப்பு 15–20 டிபிலயே நின்னுடும், ஃபேஸ் சென்டர் நடக்கும், பவர் மொத்தமும் ரிட்ஜ் நடுவுல இருக்கற சின்ன இடைவெளில குவியும். ரேடியோ டெலஸ்கோப்புக்கும் டெஸ்ட் ரேஞ்சுக்கும் அருமை. சேட்டிலைட்டுக்கு டிரான்ஸ்மிட் பண்ற டெர்மினல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

## தனித்தனி ஹார்ன், நடுவுல எஃப்எஸ்எஸ்

ஒரு பேண்ட விட்டு இன்னொண்ண திருப்பி அனுப்பற கண்ணாடி, ஃப்ரீக்வென்சி செலக்டிவ் சர்ஃபேஸ். வாயேஜர் விண்கலத்தோட 3.66 மீட்டர் டிஷ்ல சப்ரிஃப்ளெக்டர் (டிஷ் முன்னாடி நிக்கற சின்னக் கண்ணாடி) எக்ஸ் பேண்ட திருப்பும், எஸ் பேண்ட உள்ள விடும். கசினி விண்கலத்தோட 4 மீட்டர் டிஷ்ல எஸ், எக்ஸ், கேயூ, கேஏ நாலும் ஓடுச்சு, ஒரே ஹார்ன்ல இத யோசிச்சே பாக்க முடியாது.

ஒவ்வொரு ஹார்னும் அதது பேண்டுக்குன்னே செதுக்கினது, அதனால ஒண்ணத் திருத்தினா இன்னொண்ணு ஆடாது. விலை என்னன்னா, அலை சாய்ஞ்சு வர்ற கோணத்துக்கேத்தபடி எஃப்எஸ்எஸ் நகரும், ரெண்டு போலரைசேஷனுக்கும் வேற வேறயா நகரும், கண்ணாடிக்கே ஒரு லாஸ் உண்டு, மொத்த அலைன்மென்ட்டும் தலைவலி. சின்ன டிஷ்ல சப்ரிஃப்ளெக்டரே போதுமான லாம்டா இருக்காது.

## பக்கத்துல பக்கத்துல வச்சா

| வழி | விகிதம் | டிரான்ஸ்மிட் | கிராஸ்போல் | செய்ற கஷ்டம் | எங்க கடிக்கும் |
|---|---|---|---|---|---|
| காருகேட்டட் | 2 வரை | தாராளமா | மிக நல்லது | நடுத்தரம், ரிங்-லோடட்னா அதிகம் | எடை, தண்ணி |
| கோஆக்ஸியல் | நடுவுல காலி இருந்தா 4ம் | சரி | நல்லது, சிமெட்ரி இருந்தா | அதிகம் | ஃபேஸ் சென்டர், தாங்கி |
| டைஎலக்ட்ரிக் ராட் | கோஆக்ஸியல் மாதிரி | மிதமா | ராட் நடுவுல நிக்கற வரை | நடுத்தரம் | சூடு |
| ஸ்ப்ளைன் | 1.7 சுமார், தேர்ந்த பேண்டுல | தாராளமா | நல்லது | கம்மி | புது பேண்ட் கேட்டா |
| குவாட்-ரிட்ஜ் | 6ம் போகும் | வேண்டாம் | சுமார் | நடுத்தரம் | எல்லாம் |
| எஃப்எஸ்எஸ் | எவ்வளவும் | தாராளமா | கோணத்தப் பொறுத்து | மிக அதிகம் | அலைன்மென்ட், எடம் |

## ஒரே நேரத்துல வேண்டாம்னா

மேல முதல் கேள்விக்கு "இன்னிக்கு இது, நாளைக்கு அது"ன்னு பதில் சொன்னவங்களுக்கு: மல்டிபேண்ட் ஹார்னே வேண்டாம். ஒரு டிஷ், ரெண்டு ஃபீட், கழட்டி மாட்டுங்க. தூக்கிட்டுப் போற டெர்மினல்ல இது ரொம்ப நாளா நடக்கற வழக்கம்தான். ஒவ்வொரு ஃபீடும் குறுகின பேண்டுக்கு செஞ்சதால லாஸ் கம்மி, கிராஸ்போல் நல்லாருக்கும், ஒண்ணு கெட்டா இன்னொண்ணு ஓடும். கவனிக்க வேண்டியது மாட்டற எடம் மட்டும்தான்: ரெண்டு ஃபீடோட ஃபேஸ் சென்டரும் அதே புள்ளில வந்து உக்காரணும், அதுக்கு போல்ட்ட நம்பாதீங்க, ரெண்டு டோவல் பின் (இடத்த அசையாம நிறுத்தற முளை) போடுங்க. கேஏல அரை மிமீ பக்கவாட்டுல தள்ளி மாட்டினாலே பீம் சாய்ஞ்சுடும். எந்த ஃபீட் எந்தப் பக்கம் பாத்து மாட்டணும்னு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுடுங்க, ராத்திரி மழைல மாட்டறவன் கைல டார்ச்சு ஒண்ணுதான் இருக்கும், டிராயிங் இருக்காது.